பதிமூன்று புருஷன்களும் ஒரு குழாயும்

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது டில்லி கிட்வாய் நகர் மாதர் சங்கக் கூட்டத்தில். முதியோர் கல்வித் திட்டத்துக்குத் தமிழ் தெரிந்த ஆசிரியை வேண்டும் என்று ஓர் அம்மாள் வந்து பேசினாள். எல்லோரும் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்தார்கள். நான் மட்டும் சும்மா இருக்காமல், படிக்காதவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் என்ன கஷ்டம், படித்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் கஷ்டம் என்று கெட்டிக்காரத்தனமாக ஒரு வார்த்தை விட்டேன். மறுநாள் ஒரு ரோல் கரும்பலகையும் சாக்பீஸ் டப்பாவும் வீட்டுக்கு வந்துவிட்டன.

எழுபதுகளின் கடைசி அது. என் கணவர் மத்திய அமைச்சகம் ஒன்றில் அப்பர் டிவிஷன் கிளார்க். அவர் ஆபீசுக்கும் பையன் பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டால் மத்தியானம் முழுக்க நான் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு வெயில் காய்வேன். ஸ்வெட்டரும் சரியாக வராது. சரி, போய்த்தான் பார்ப்போமே என்று கிளம்பினேன்.

முதலில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். எழுத்தறிவைச் சமுதாய மேம்பாட்டோடு இணைக்க வேண்டும், அதன் மூலம் மக்களின் திறனை வளர்க்க வேண்டும் என்று ஒருவர் மூன்று நாளும் ஒரே வாக்கியத்தை முன்னும் பின்னுமாகத் திருப்பிப் போட்டுப் பேசினார். நான் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டேன். எப்படி இணைப்பது என்று ஒருத்தி கேட்டாள். அது களத்துக்குப் போனால் உங்களுக்கே தெரியும் என்றார். அவருக்குத் தெரியாது என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பிறகு சமோசா கொடுத்தார்கள்.

எனக்குக் கிடைத்த களம் ஜங்புராவில் நாலா என்கிற பெரிய சாக்கடையை ஒட்டிய மதராசி கேம்ப், தமிழர் குடிசைப் பகுதி. வேப்பமரத்தடியில் ஒரு தார்ப்பாய். அதன் மேல் பன்னிரண்டு பெண்கள். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை வகுப்பு, ஏனென்றால் காலை வீடுகளில் பாத்திரம் தேய்த்து முடித்து, சாயங்கால வீடுகளுக்குப் போவதற்கு நடுவில் அவர்களுக்கு இருந்ததே அவ்வளவுதான். புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒருவன் ஏர் உழுதுகொண்டிருந்தான். ஏர் ஓட்ட நிலம் இருந்தால் நாங்கள் டில்லிக்கு எதற்கு வருகிறோம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த பக்கத்தில் மாடு.

இதில் தண்ணீர் லாரி வேறு. அதற்கு நேரம் காலமே கிடையாது. தூரத்தில் ஹார்ன் கேட்டால் போதும், 'அ' எழுத ஆரம்பித்தவள் சுழியோடு விட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். ஒரே நிமிஷத்தில் தார்ப்பாயில் பன்னிரண்டு சிலேட்டும் நானும்தான் மிஞ்சுவோம். அரை மணி கழித்து ஒருத்தி புடவை கிழிந்து வருவாள், இன்னொருத்தி முழங்கையில் ரத்தத்தோடு வருவாள். எனக்கோ கோபம் மூக்கு நுனியில். படிக்க வந்தீர்களா, பந்தயம் ஓட வந்தீர்களா என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

"லாரி போயிட்டா நாளைக்குத்தான் டீச்சரம்மா. 'ஆ' எங்க போயிடப் போவுது?" என்றாள் கள்ளக்குறிச்சிக்காரி.

அவளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். நாலு வீட்டில் வேலை. அந்தப் பன்னிரண்டு பேருக்கும் அவள்தான் தலைவி. யாரும் தேர்ந்தெடுத்ததில்லை, யாரும் மறுத்துப் பேசினதுமில்லை. லாரிக்கு நின்று வேலைக்கு நேரம் தப்பி ஒரு வீட்டை ஏற்கெனவே இழந்திருந்தாள். அவளுடைய ஒரே மகள் தலைப்பிரசவத்துக்காக ஐந்தாம் மாதத்திலேயே வந்து சேர்ந்திருந்தாள். அம்மா வேலைக்குப் போன நேரத்தில் லாரி வந்தால் அந்தப் பெண்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தத் தள்ளுமுள்ளில் நிற்க வேண்டும். சாலைக்கு எதிர்ப்பக்கம் காலனிக் குழாய் ஒன்று உண்டு. அங்கே குடத்தை வைத்தால் காவலுக்கு நிற்கும் சௌகிதார் லத்தியால் தட்டிவிடுவான்.

"இந்தக் கொழந்த பொறக்கறதுக்குள்ள கேம்ப்புக்குள்ள ஒரு கொழா வந்துடணும் டீச்சரம்மா. அதுக்கு எதனா வழி உங்க புஸ்தகத்துல இருக்குதா?"

புத்தகத்தில் ஏரும் மாடும்தான் இருந்தன. ஆனால் அவள் அதைக் கேட்ட விதம் என்னைச் சுட்டது. அடுத்த நாள் அவளையும் அழைத்துக்கொண்டு தண்ணீர் ஆபீசுக்குப் போனேன்.

குளிர்காலம். அதிகாரி மேஜை நாற்காலியைப் புல்தரைக்கு இழுத்துப் போட்டு வெயிலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஆபீஸே அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. பஞ்சாபிக்காரர், முழங்கை தேய்ந்த ஸ்வெட்டர். விஷயத்தைச் சொன்னதும் பழைய ஃபைல் ஒன்றை எடுத்துக் காட்டினார். போன வருஷம் ஒரு தரகன் கேம்ப் பெயரில் கொடுத்த மனு, நாற்பது கைநாட்டு. சந்தேகப்பட்டுச் சோதித்துப் பார்த்தால் நாற்பதும் இரண்டே கட்டை விரல்கள், இரண்டும் தரகனுடையவை. அந்தக் குழாய் வேறு எங்கேயோ போய் நின்றுவிட்டதாம், அவருக்கு மேலிடத்தில் நல்ல டோஸ் கிடைத்ததாம். அதனால் இந்தத் தடவை கைநாட்டே கிடையாது, ஆண்கள் கூலிக்குப் போய்விடுகிறார்களென்றால் அந்தந்த வீட்டுப் பெண்கள் தங்கள் பெயரையும் ரேஷன் கார்டில் உள்ளபடி கணவர் பெயரையும் தங்கள் கையாலேயே எழுதி எடுத்துக்கொண்டு நேரில் வரட்டும் என்றார். தமிழில் எழுதலாமா என்று கேட்டேன். எழுதட்டும், பக்கத்தில் ஹிந்தியில் நீங்கள் எழுதுங்கள் என்றார்.

எனக்கு ஒரே உற்சாகம். பயிற்சியில் சொன்ன இணைப்பு இதுதானோ என்று தோன்றியது. ஏர், மாடு எல்லாவற்றையும் மூட்டை கட்டினேன். தன் பெயர், கணவர் பெயர், இரண்டே பாடம். அன்று மத்தியானமே நோட்டை விரித்து முதலில் உட்கார்ந்திருந்தவளிடம், உன் வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டேன்.

"அவருதான்" என்றாள்.

எவர்? கறுப்பாக, உயரமாக இருப்பாரே, அவர். அடுத்தவள் கேம்ப் முனையில் இருந்த சின்னக் கோயிலைக் கைகாட்டி, அந்தச் சாமி பேருதான், முன்னால 'சின்ன' போட்டுக்கங்க என்றாள். மூன்றாமவள் நிலைமை இன்னும் மோசம். அவள் புருஷனுக்கும் சாமிக்கும் ஒரே பெயர் என்பதால் பதினைந்து வருஷமாகக் கோயிலில் அவள் வெறும் அரோகரா மட்டும்தான் சொல்கிறாளாம். ஒருத்தியிடம் புருஷன் பெயரைக் கேட்டால் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். மற்ற பதினொரு பேரும் கோரஸாக அவள் புருஷன் பெயரைச் சொல்வார்கள். பன்னிரண்டு பெயரை எழுதிக்கொள்ள எனக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவர்கள் அவ்வளவு பத்திரமாகக் காத்த பெயர்களை நான் இங்கே போட்டு உடைக்கப் போவதில்லை.

சொல்லத்தான் கூடாது, எழுதலாமா என்று அடுத்த சண்டை. எழுதினாலும் ஆயுசு குறையும் என்று நாலு பேர். கள்ளக்குறிச்சிக்காரி கொஞ்ச நேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னாள். நாக்கில் வந்தால்தான் தோஷம், எழுதுவது கை, கைக்குப் புருஷன் கிடையாது. அதோடு அந்த விவகாரம் முடிந்தது. நான் பலகையில் எழுதி உரக்கப் படிப்பேன், அவர்கள் வாயை இறுக்க மூடிக்கொண்டு எழுதுவார்கள். டில்லியிலேயே இவ்வளவு அமைதியான வகுப்பு வேறு எங்கும் நடந்திருக்காது.

பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. ஒருநாள் பொரிந்து தள்ளினேன். இது என்ன பத்தாம் பசலித்தனம், பெயரைச் சொன்னால் மூச்சு நின்றுவிடுமா, இந்திரா காந்தி நாட்டையே ஆண்டாயிற்று, நீங்கள் இன்னும் முந்தானையைக் கடித்துக்கொண்டிருக்கிறீர்களே என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கள்ளக்குறிச்சிக்காரி மட்டும் சிரிக்காமல், நீங்கள் உங்கள் வீட்டுக்காரரை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டாள்.

அது வேறே விஷயம் என்று சொல்லிவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வேறே விஷயமாவது ஒன்றாவது! நான் பி.ஏ. படித்தவள். பதினாறு வருஷமாக அவரை 'ஏன்னா' என்றுதான் கூப்பிடுகிறேன். கரோல் பாக் கூட்டத்தில் ஒருதடவை அவரைத் தொலைத்துவிட்டு, வீட்டில் இருந்த பையன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அவரும் அது தன்னைத்தான் என்று புரிந்துகொண்டு வந்து சேர்ந்தார். இதையெல்லாம் தார்ப்பாயில் உட்கார்ந்திருப்பவர்களிடம் சொல்ல முடியுமா?

ஜனவரியில் சாக்பீஸ் தீர்ந்துபோயிற்று. புது டப்பா வாங்க கள்ளக்குறிச்சிக்காரி எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். டப்பாவைக் கொடுத்த பிறகும் வாசலிலேயே கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. குளிருக்குக் காப்பி எதிர்பார்க்கிறாள் போலிருக்கிறது என்று உள்ளே போய்க் கலந்து கொண்டுவந்தேன். அப்புறமும் நின்றாள். எனக்கு அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. இந்தம்மாளுக்கு நேரம் போகவில்லை போலும் என்று மனசுக்குள் அலுத்துக்கொண்டேன்.

பிப்ரவரிக் கடைசியில் மனு தயார். பன்னிரண்டு வரி. ஒவ்வொரு வரியிலும் அவள் பெயர், அவள் புருஷன் பெயர், அவள் கையாலேயே, தமிழில். சிலது மேலே ஏறியது, சிலது கீழே இறங்கியது, ஆனால் எல்லாம் இருந்தன. பக்கத்தில் ஹிந்தியில் என் கையெழுத்து. கடைசியில் மனு எழுத உதவியவர் பெயர், கணவர் பெயர் என்று ஒரு கட்டம். அதையும் எழுதி வைத்தேன். கிளம்பும் நாளன்று பன்னிரண்டு பேரும் பட்டும் பூவுமாக வந்து நின்றார்கள், ஏதோ நிச்சயதார்த்தத்துக்குப் போவது போல. அன்று ஜங்புராவில் பாதி வீடுகளில் பாத்திரம் தேய்க்கவில்லை. மகளும் கூடவே வந்தாள். மாசம் நிறைந்த வயிறு. வீட்டில் இரு என்றால் கேட்கவில்லை.

அதே புல்தரை, அதே வேர்க்கடலை. அதிகாரி மனுவை வாங்கி ஹிந்திப் பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். எல்லாம் ஒரே கையெழுத்தாக இருக்கிறதே என்றார். அது நான் எழுதியது, தமிழ் அவர்கள் எழுதியது என்றேன். அச்சா, அப்படியானால் ஒவ்வொருவரும் தன் வரியைப் படிக்கட்டும், நான் ஹிந்தியோடு ஒப்பிட்டுக்கொள்கிறேன் என்றார். ஒருமுறை சூடு பட்ட பூனை; குற்றம் சொல்ல முடியாது. நான் பெருமையோடு முதலாமவளை முன்னால் தள்ளினேன்.

அவள் தன் பெயரைக் கணீரென்று படித்தாள். விரல் அடுத்த வார்த்தைக்கு நகர்ந்தது. வாய் மூடிக்கொண்டது.

அதிகாரி காத்திருந்தார். மேலே படி என்றார். அவள் தரையைப் பார்த்தாள். அடுத்தவளைக் கூப்பிட்டார். அவளும் அப்படியே, தன் பெயரில் ஆரம்பித்துப் புருஷன் பெயருக்கு முன்னால் நின்றாள். மூன்று, நாலு, ஐந்து. பன்னிரண்டு பேரும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். மூன்று மாதமாக இது ஒரு பரீட்சைக் கேள்வியாக வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே! வழக்கத்தை ஹிந்தியில் விளக்கப் பார்த்தேன். என் ஹிந்தியில் ஆணும் பெண்ணும் எப்போதும் இடம் மாறிவிடும். அன்று புருஷர்கள்தான் பெண்டாட்டி பெயரைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள் என்கிற மாதிரி வந்தது.

அவருக்குப் புரிந்துதான் இருந்தது. ஒரு கடலையை உரித்தார். "பஹன்ஜி, என் அம்மாவும் அப்பா பெயரைச் சொன்னதே இல்லை. எனக்குத் தெரியாதா? ஆனால் ஃபைலுக்கு அம்மா கிடையாது" என்றார். பாதிதான் படிக்க வருகிறது என்று எழுதி மனுவைத் திருப்பி அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லையாம். புதுக் குழாய்களுக்கான அடுத்த பட்டியல் மழைக்காலத்துக்குப் பிறகுதான் போடுவார்களாம்.

நான் பெண்கள் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சினேன், திட்டினேன். ஒரே ஒரு தடவை சொல்லித் தொலையுங்களேன், உங்கள் புருஷன்கள் ஒன்றும் செத்துவிட மாட்டார்கள் என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. பன்னிரண்டு பேரின் முகமும் சுண்டிவிட்டது. மகள் மரத்தில் சாய்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கள்ளக்குறிச்சிக்காரி அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மேஜைக்கு வந்து மனுவைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அய்யாவ ஒண்ணு கேளுங்க டீச்சரம்மா. எங்களுக்குப் படிக்கத் தெரியுமான்னுதானே அவருக்குத் தெரியணும்? எவ எந்த வரியப் படிச்சா என்ன? இவ வூட்டுக்காரரு பேர நான் சொன்னா யாரு ஆயுசு கொறையும்?"

நான் மொழிபெயர்த்தேன். அதிகாரி உரித்த கடலையை வாயில் போடாமல் யோசித்தார். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். படிக்கட்டும் என்று கையை ஆட்டினார்.

அதற்கப்புறம் நடந்ததை நான் எப்படிச் சொல்வேன்! ஒவ்வொருத்தியும் பக்கத்தில் இருப்பவளுடைய வரியை எடுத்துப் படித்தாள். தன் புருஷன் பெயருக்கு உதடே பிரியாதவள், அடுத்தவள் புருஷன் பெயரை அந்தத் தெருக்கோடி வரை கேட்கும்படி படித்தாள். ஒருத்தி கொல்லையில் புகுந்த ஆட்டை விரட்டுவது போல ஒரு பெயரை அதட்டினாள். பெயருக்கு உரியவள் முந்தானைக்குள் சிரித்தாள். அரோகராக்காரியின் புருஷன் பெயரைச் சொன்னபோது, பதினைந்து வருஷ பாக்கியைத் தீர்ப்பது போல அவளே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் எழுந்து வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். அதிகாரி ஹிந்தியில் விரல் வைத்து ஒவ்வொன்றாக டிக் அடித்தார். பன்னிரண்டும் சரி.

பேனாவைத் திறந்தவர், கையெழுத்துப் போடாமல் கடைசிக் கட்டத்தைப் பார்த்தார். இது யார் என்றார். நான்தான் என்றேன். நீங்களும் படியுங்கள், விதி எல்லோருக்கும் ஒன்றுதானே, போன தடவை வந்த தரகனும் உங்களைப் போலப் படித்தவன்தான் என்றார். கண்ணில் குறும்பு இருந்தது. பேனா மட்டும் காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றது.

என் பெயரைச் சொன்னேன். பிறகு வாயைத் திறந்தேன். வாய் திறந்தபடியே இருந்தது.

பி.ஏ. என்ன ஆயிற்று, இந்திரா காந்தி என்ன ஆனாள், ஒன்றும் தெரியவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. பன்னிரண்டு ஜோடிக் கண்கள் என்னைப் பார்த்தன. அவர்களுடைய குழாய் என் வாயில் அடைத்துக்கொண்டு நின்றது. அவமானமாக இருந்தது. அவர்களைப் பேசின பேச்செல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

அப்போது என் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் அவர் பெயரைச் சொன்னது. அவசரமில்லாமல், இனிஷியலோடு, பெயருக்குப் பின்னால் இருக்கும் பி.ஏ. வரைக்கும். கள்ளக்குறிச்சிக்காரிதான்.

அதிகாரி ஒப்பிட்டுப் பார்த்தார். பி.ஏ. இதில் இல்லையே என்றார்.

"உங்க வூட்டுக் கதவுல இருக்குது டீச்சரம்மா. சாக்பீஸ் வாங்க வந்தன்னிக்கு எழுத்துக் கூட்டிப் படிச்சேன்" என்றாள் என்னிடம்.

தமிழில்தான் பெயர்ப்பலகை வேண்டும் என்று என் கணவர் பிடிவாதமாக எழுதி மாட்டியிருந்தார். தபால்காரன் தவிர அதைப் பார்த்தவன் கிடையாது, அவனுக்கும் படிக்கத் தெரியாது. அவள் வாழ்க்கையில் தார்ப்பாய்க்கு வெளியே முதன்முதலில் படித்தது அதைத்தான். நான் காப்பிக்கு நிற்கிறாள் என்று நினைத்தேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அதிகாரி முத்திரை குத்திவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் என்னை ஒருவழி பண்ணிவிட்டார்கள். டீச்சரம்மா வூட்டுக்காரருக்கு ஆயுசு கெட்டி, நாலு தலைமுறை பார்ப்பாரு என்றாள் ஒருத்தி. முந்தானையை எப்படிக் கடிப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள் இன்னொருத்தி.

மாதாந்திர அறிக்கையில் 'சமுதாய மேம்பாட்டோடு இணைந்த செயல்பாடு' என்று ஒரு கட்டம் உண்டு. பன்னிரண்டு பேர் அடுத்தவள் புருஷன் பெயரைத் தடையின்றிப் படித்தார்கள் என்று எழுதி அனுப்பினேன். மேற்பார்வையாளர் அதை அடித்துவிட்டு வேறு ஏதோ நீளமாக எழுதிக்கொண்டார்.

மார்ச்சில் பள்ளம் தோண்டினார்கள். குழாய் வந்தது, திருகு வந்தது, தண்ணீர் மட்டும் வரவில்லை. கள்ளக்குறிச்சிக்காரி தினமும் அதைத் திருகிப் பார்த்துவிட்டு மகள் வயிற்றைப் பார்ப்பாள். கடைசியில் குழந்தைதான் முந்திக்கொண்டது. பெண் குழந்தை. மூன்றாம் நாள் விடியற்காலை குழாய் இருமி, துருவைக் கக்கி, அப்புறம் தண்ணீர் கொட்டியதாம். முதல் குடம் யாருக்கு என்று சண்டையே வரவில்லை. முறை வைத்துப் பிடிக்க ஒரு பட்டியலைச் சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தார்கள். அது நான் எழுதிக்கொடுத்தது அல்ல. லாரி ஹார்னுக்கு யாரும் எழுந்து ஓடாமல் அன்றுதான் முதன்முதலாக இரண்டு மணி நேரம் முழுசாக வகுப்பு நடத்தினேன்.

குழந்தையையும் குழாயையும் பார்க்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கணவரும் கூட வந்தார். கேம்ப்புக்குள் கால் வைத்ததுமே பன்னிரண்டு பேரும் அவரைப் பெயர் சொல்லி, கூடவே ஒரு 'சார்' சேர்த்து, வாங்க வாங்க என்றார்கள். அவருக்கு முகமெல்லாம் பல். அவர் அம்மா போன பிறகு எந்தப் பெண் வாயிலும் அவர் பெயர் வந்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் சமையலறை வாசலில் நின்றார். நான் காப்பித் தம்ளர்களை அலம்பப் போட்டேன்.

"தண்ணி ஆபீஸ்ல அந்தம்மா எப்படிச் சொன்னா? இனிஷியலோடயா?"

"ஆமாம்."

"நீயும் ஒரு தரம் சொல்லேன்."

குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன். தண்ணீர் தம்ளர் மேல் சடசடவென்று கொட்டியது. அந்தச் சத்தத்தில் சொன்னேன். அவர் காதில் விழுந்ததா இல்லையா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவர் இரண்டாம் தடவை கேட்கவில்லை.